சூரைச்செடியின் கீழிருந்து எழுந்த பின்



முன்னர் நான் பணியாற்றிய பங்கொன்றில் ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பது பல ஆண்டுகளாக அவருடைய பணி. ஒரு வருடம் மனச்சோர்வு நோய் அவரைப் பிடித்தது. நித்திரை இல்லை; சாப்பாட்டில் விருப்பம் இல்லை; பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே பயம். வைத்தியர் கொடுத்த குளிசைகளாலும், மனைவியின் பொறுமையாலும், இறைவனின் இரக்கத்தாலும் ஏழெட்டு மாதங்களில் அவர் சுகமடைந்தார். மீண்டும் பூசைக்கு வந்தார். ஆனால் கடைசி வாங்கில் இருந்தார்.

அவருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று எண்ணி, வாசகர் பட்டியலிலிருந்து அவருடைய பெயரை நானே எடுத்துவிட்டிருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் சனங்கள் கலைந்த பின் அவர் திருப்பண்ட அறை வாசலில் வந்து நின்றார்.

"சுவாமி, வருத்தம் மாறிட்டுது எண்டு டொக்டர் சொல்லுறார். வீட்டிலயும் அப்பிடித்தான் சொல்லுகினம். ஆனால் ஒருத்தரும் என்னை நம்பி ஒரு வேலை தருகினமில்லை. அப்ப நான் மெய்யாவே சுகப்பட்டிட்டனோ?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடி நான் எலியாஸ் இறைவாக்கினரிடம் போனேன்.

அரசர் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கார்மேல் மலையில் பாகாலின் 450 வாக்கினர் முன்னிலையில் தனித்து நின்று வென்றவர் எலியாஸ். அவரே யேசபேல் அரசியின் ஒரு மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைவனத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார். தம் முன்னோரைவிடத் தாம் எவ்வகையிலும் மேலானவர் அல்லர் என்று சொல்கிறார். நேற்றைய வெற்றி வீரன் இன்று தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணுகிறான். மனம் சோர்ந்தவருடைய பேச்சு அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இறைவன் என்ன செய்தார்? கண்டிக்கவில்லை, விசுவாசம் குறைந்தவன் என்று குற்றம் சாட்டவில்லை. நித்திரை கொள்ள விட்டார். சம்மனசை அனுப்பி, சுட்ட அப்பமும் ஒரு சாடி தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் நித்திரை, மீண்டும் உணவு. எலியாஸ் ஒரு வேலையும் செய்யுமுன்னரே இவையெல்லாம் அவருக்குக் கிடைத்தன. நம்முடைய மதிப்பு நாம் செய்யும் வேலையிலிருந்து பிறப்பதன்று. நம்மைத் தம் சாயலாகப் படைத்தவரிடமிருந்து வருவது. நோயில் கிடந்த நாட்களிலும் அது ஓர் இம்மியும் குறைவதில்லை.

இனித்தான் நாம் கவனிக்கத் தவறும் பகுதி வருகிறது. அந்த உணவின் பலத்தில் எலியாஸ் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைகிறார். உடல் தேறிவிட்டது, கால்களில் பலம் வந்துவிட்டது. ஆனால் அவர் போய் ஒதுங்கியது ஒரு குகைக்குள். இங்கே உனக்கு என்ன வேலை என்று இறைவன் கேட்கிறார். தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எலியாஸ் முறையிடுகிறார். காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்துபோய், மெல்லிய குரல் ஒன்று கேட்ட பின்னரும், இரண்டாம் முறையாக அதே முறைப்பாட்டை மாறாமல் ஒப்புவிக்கிறார்.

அன்பர்களே, நோய் மாறுவது ஒன்று. தன்மேல் நம்பிக்கை திரும்புவது மற்றொன்று. இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அவர் சூரைச்செடியின் கீழிருந்து எழுந்துவிட்டார். குகையிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

குகையிலிருந்து எலியாசை வெளியே கொண்டுவந்தது எது? புகழ்ச்சியன்று, அறிவுரையுமன்று. திரும்பிப் போ என்று சொல்லி இறைவன் அவரிடம் பணியை ஒப்படைத்தார். மூவரை அபிஷேகம் செய்யச் சொன்னார். அவர்களுள் ஒருவர் எலிசேயு. எலியாசின் பணியைத் தொடரப்போகிறவர், அவருக்குத் துணையாக இருக்கப்போகிறவர். பாகாலுக்கு முழந்தாளிடாத 7000 பேர் உண்டென்றும் அறிவித்தார். உன்னை நம்புகிறேன், நீ தனியாக இல்லை என்பதே இதன் பொருள்.

திருச்சபை வரலாற்றிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. போர்த்துக்கலில் 1495இல் பிறந்த புனித இறை அருளப்பர், ஸ்பெயினின் கிரனாடா நகரில் புத்தகம் விற்று வாழ்ந்தவர். 1530களின் இறுதியில் மனம் குலைந்த நிலையில் அங்குள்ள அரச மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அக்கால வழக்கப்படி கட்டி வைத்து அடித்தார்கள். அவருடைய நோய்க்கு இன்று நாம் பெயர் சூட்ட வேண்டியதில்லை. அவருக்கு ஆன்ம வழிகாட்டியாய் இருந்த அவிலாவின் அருளப்பர் அவரைக் கைவிடாமல், பிறருக்குத் தொண்டு செய்யும் வழியைக் காட்டினார். தாம் அடைபட்டிருந்த அதே மருத்துவமனையில் தரையைக் கூட்டி, நோயாளரைப் பராமரிக்கத் தொடங்கினார் அவர். பின்னர் ஏழை நோயாளருக்காகத் தாமே ஒரு மருத்துவமனையை நிறுவினார். 1550 மார்ச் 8இல் இறந்த அவரை 1886இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலர் என அறிவித்தார். ஒரு காலத்தில் பைத்தியகாரன் என்று ஊர் கல்லெறிந்த மனிதர் அவர்!

நோயிலிருந்து தேறிய சகோதரனே, சகோதரியே, முதலில் உங்களுக்கு ஒரு சொல். பழைய ஆளாக ஒரே நாளில் மாறவேண்டும் என்று உங்களை நீங்களே வருத்தாதீர்கள். சிறிய கடமை ஒன்றை எடுத்து, அதை நாளாந்தம் ஒரே நேரத்தில் செய்யுங்கள். பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாயினும் சரி, பிள்ளைக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பதாயினும் சரி. இரவுச் செபத்தில், செய்யாமல் விட்டவற்றைக் கணக்கிடுமுன், செய்து முடித்த ஒன்றுக்காக நன்றி சொல்லுங்கள். சுகம் வந்துவிட்டதென்று குளிசைகளை நீங்களாக நிறுத்தவேண்டாம். தேறிய பின்னும் பல மாதங்கள் அவை தேவைப்படலாம். அதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். நீரிழிவுக்குக் குளிசை எடுப்பதில் இல்லாத வெட்கம் இதற்கு ஏன்? நோய் பாவமன்று, அதற்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை. வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் திரும்பவும் தலைகாட்டினால், அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வைத்தியரிடம் போங்கள்.

குடும்பத்தவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். "நீ பேசாமல் இரு, உனக்கு ஏலாது" என்பது அன்பினால் வரும் சொல்தான். ஆனால் அதை நாளுக்குப் பத்துத் தரம் கேட்பவர், தமக்கு உண்மையிலேயே ஏலாது என்று நம்பிவிடுவார். வீட்டுச் சாவியையும் சந்தைக் காசையும் அவரிடம் திரும்பக் கொடுங்கள். கணக்குப் பிழைத்தால் பிழைக்கட்டும், சுகதேகிகளுக்கும் பிழைப்பதுண்டு. கல்யாணப் பேச்சிலும் கோபத்திலும் பழைய நோயை இழுத்துக் கதைக்காதீர்கள். "அங்கொடை" என்று பகிடி பண்ணும் வாயை நம் பங்குகளில் இனியாவது மூடுவோம்.

ஆசிரியரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "மாஸ்ரர், வாற ஞாயிறு முதலாம் வாசகம் உங்கட" என்றேன். அவர் வந்தார். கை நடுங்கியது. நடுவில் ஒரு வரியைத் தவறவிட்டு நின்றுவிட்டார். கோவில் முழுவதும் மௌனம். எழுந்துபோய் உதவுவோமா என்று என் கால்கள் துடித்தன; ஆயினும் இருந்த இடத்திலேயே இருந்தேன். அவர் விரலால் தேடி அந்த வரியைக் கண்டுபிடித்து, மீண்டும் வாசித்து முடித்தார்.

அடுத்த ஞாயிறு அவர் கடைசி வாங்கில் இருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும், உங்கள் பங்கிலும் யாருடைய பெயரை நீங்கள் பட்டியலிலிருந்து எடுத்து வைத்திருக்கிறீர்கள்? இந்த வாரமே அதைத் திரும்ப எழுதுங்கள். எலியாசை நம்பிய இறைவன் உங்களுக்குத் துணை நிற்பாராக. ஆமென்.