அழிவை அணியலாமா?

உலகம் அழிந்தபின் எஞ்சியவர்கள் எதை உடுத்துவார்கள்? 1981-இல் வெளிவந்த ‘மேட் மேக்ஸ் 2’ என்ற ஆஸ்திரேலியப் படம் இதற்கு ஓர் உருவம் கொடுத்தது: தேய்ந்த தோலாடை, ஒட்டுப்போட்ட கவசம், துருவேறிய இரும்பு. இன்று அந்தத் தோற்றம் உடையாக, நகையாக, வீட்டு அலங்காரமாக விற்பனையாகிறது. 2022-இல் பலென்சியாகா என்ற ஆடம்பர ஆடை நிறுவனம், வேண்டுமென்றே கிழித்து அழுக்கேற்றிய காலணிகளில் 100 ஜோடிகளை, ஜோடி 1,850 டாலர் என்று விற்பனைக்கு வைத்தது. அழிவின் சின்னத்தை அணிவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அழிவுக்கு ஆளானவரை மறைத்துவிட்டு அணிவதுதான் தவறு.

அப்படி மறைக்காத நகையும் உண்டு. லாவோஸ்மீது 1964 முதல் 1973 வரை அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு பொழிந்தது. அந்நாட்டின் சியெங்குவாங் மாகாணத்தில் உள்ள நாபியா கிராமத்தார், போர் விட்டுச்சென்ற அலுமினியத்தை உருக்கி, மரமும் சாம்பலும் கொண்டு செய்த அச்சில் கரண்டி வார்த்தார்கள். இப்போது வளையலும் வார்க்கிறார்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் அந்நாட்டு வயல்களில் புதைந்து கிடக்கின்றன. உலகின் முடிவு என்பது நமக்குக் கற்பனை. அவர்கள் வாழ்வில் அது ஒருமுறை வந்தேவிட்டது. அந்த வளையலின் உலோகமும் உழைப்பும் கதையும் அவர்களுடையவை, விற்ற காசிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. கிழித்து விற்கும் காலணியோ, மாற்றுக் காலணிக்கு வழியில்லாதவனின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவனுக்கு எதையும் தருவதில்லை.

சாவின் சின்னத்தை அணிவது பழைய சமய வழக்கம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் மண்டையோடு பொறித்த மோதிரம் அணிந்தார்கள். சைவர் திருநீறு பூசுகிறார்கள். ஆனால் இவை அணிபவனை நோக்கியே பேசுகின்றன: நீயும் சாவாய், ஆகவே ஒழுங்காக வாழ் என்கின்றன. பிறர் பார்க்கவென்றே கிழிக்கப்பட்ட துணி யாரிடமும் எதையும் கோருவதில்லை. மறுபயன்பாடு நல்லதல்லவா என்பது இன்னொரு வாதம். பழைய சட்டையை ஒட்டுப்போட்டு உடுத்துவது நிச்சயம் நல்லது. புதுத்துணியைச் சிதைத்துப் பழசாக்குவது மறுபயன்பாடே அல்ல, விரயம். லாவோஸ் வளையலும் கடைசியில் சுற்றுலாப் பயணி வாங்கும் பொருள்தானே என்றால், ஆம். ஆனால் தன் துயரத்தை எந்த விலைக்கு, எந்த வடிவில் சொல்வதென்று முடிவு செய்ய வேண்டியவன் அதைப் பட்டவனே. அந்த உரிமையை அவனிடம் விட்டுவைக்கும் பொருளை அணியலாம். அதைப் பறித்துக்கொண்ட பொருள் எத்தனை அழகாயிருந்தாலும் வேண்டாம்.