பலனைத் துறக்க வேண்டியவர் யார்?

பலனில் பற்று வையாது கடமையைச் செய்ய வேண்டும் என்ற கீதையின் உபதேசத்தை நாம் பெரும்பாலும் யாருக்குக் கூறுகிறோம்? நமக்குக் கீழே பணிபுரிவோருக்கு! ஆனால் பகவான் அதைப் பாண்டவர் படை பெரிதும் நம்பியிருந்த அர்ஜுனனுக்கே உபதேசித்தார். பிறருக்குரிய பலனை மறுப்பதற்கு அது கருவியன்று. பொறுப்பில் இருப்பவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டிய நியமம்.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆயினும் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்களைத் தாமே சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமையே அனுப்பினார் தவன். கலாம் இதைப் பிற்காலத்தில் பல மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

தலைவர் துறக்க வேண்டியது புகழை. ஏற்க வேண்டியது பழியை. அவ்வாறு ஏற்பது தவறை மூடி மறைப்பதாகாது. பழிக்கு அஞ்சும் மனமே தவறை மறைக்கிறது. மறைத்த தவறு வளர்கிறது. அச்சம் நீங்கிய மனம் தவறை ஆராய்ந்து திருத்துகிறது. பணியில் ஈடுபாடும் இரவில் நல்லுறக்கமும் பெறுகிறது.

ஆகவே நம் அலுவலகத்தில் தவறு நேரும்போது, செய்தவர் யார் என்று தேடுமுன் அதில் நம் பங்கு என்ன என்று சிந்திப்போம். நற்செயல் நிகழும்போது, அதைச் செய்தவரின் பெயரைப் பலர் முன்னிலையில் சொல்வோம். பணியிடத்தில் கர்மயோகம் இங்கிருந்தே தொடங்குகிறது.