நூல் வாங்கப் போனவர்கள்

(ஆண்டின் பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: மாற்கு 6:30-34)



போன ஞாயிறு பூசைக்குப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஆறு இடம் காலி. வருகைப் பாட்டை எடுத்துக்கொடுக்க ஆளில்லை. உபதேசியார் ஒரு சுருதியில் தொடங்க, நீங்கள் வேறொரு சுருதியில் பாட, அதை ஆண்டவர்தான் பொறுத்துக்கொண்டார். பீடத்துணியில் முந்தின வாரத்து மெழுகுக் கறை அப்படியே இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் எனக்காக ஒரு கூட்டமே காத்திருக்கிறது.

"சாமி, இவளுக நூல் வாங்கப் போறோம்னு சொல்லிட்டு ரெண்டு நாளா ஊர் சுத்துறாளுக. நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கறையைப் பார்த்த எரிச்சல் எனக்கும் இருந்தது. திங்கள்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். ஆளுக்கொரு பை. திட்டு விழும் என்று தெரிந்தேதான் வந்தார்கள் போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பையைக் கவிழ்த்து நூலையெல்லாம் மேசைமேல் பரப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர்கள் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் இந்த மறையுரையில் பாதி அவர்களுடையது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஓட்டப்பிடாரம், அங்கிருந்து தூத்துக்குடி. டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு கடையில் மூன்று மணி நேரம். குரோஷா பின்னலுக்கு வெள்ளைப் பருத்தி நூல்கண்டு, குழந்தைத் தொப்பிக்கு உல்லன். நம்ம கரிசல் வெயிலில் உல்லனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "பச்சப்புள்ள தலையில ஆடிக் காத்து அடிக்கக் கூடாதுல்ல சாமி" என்று எனக்குப் பதில் வந்தது.

மூன்று மணி நேரம் எதற்கு? அவர்களில் மூத்தவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். அவர் ஒரு நூலுருண்டையின் காகிதப் பட்டையைத் திருப்பி எனக்குக் காட்டினார். அதில் பொடி எழுத்தில் ஒரு லாட் நம்பர். ஒரே தொட்டியில் ஒரே நாளில் சாயம் தோய்த்த நூலுக்குத்தான் ஒரே நம்பர் போடுவார்களாம். நிறம் ஒன்றுபோல இருக்கிறதே என்று வேறு லாட்டில் எடுத்துவிட்டால், பின்னி முடித்த பிறகு நடுவில் ஒரு கோடு தெரியும். அதனால் ஒவ்வொரு உருண்டையாக நம்பர் பார்த்திருக்கிறார்கள். பிறகு கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தாராம், அப்புறம் ஸ்டூல் எடுத்துப் போட்டாராம். நான் குருமடத்தில் படித்த காலத்தில் எந்தப் புத்தகத்தையும் இவ்வளவு கவனமாகப் புரட்டியதில்லை.

அங்கிருந்து திருச்செந்தூர் வழியாக உவரி. இரவு அந்தோனியார் கோயில் மணலில் படுக்கை, காலையில் அங்கேயே ஞாயிறு பூசை. ஆக, பூசையைத் தவறவிட்டார்கள் என்று வேப்பமரத்தடியில் சொன்னவர்கள் அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பூசைக்குப் பிறகு பக்கத்தில் இடையன்குடிக்குப் போயிருக்கிறார்கள்.

இடையன்குடி நம் திருச்சபை இல்லை. கால்டுவெல் ஐயர் உழைத்த ஊர். நம்ம பாஞ்சாலங்குறிச்சிப் போரையும் சேர்த்துத் திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881இல் எழுதியவர் அவர். அவரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். இந்த ஆறு பேரும் தேடிப் போனது அவர் மனைவி எலைசா அம்மாளின் கைவேலையை. எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து, அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். 1844இல் கால்டுவெல்லை மணந்த மகள், அந்தக் கலையை இடையன்குடித் தேரிக்குக் கொண்டுவந்தார். அந்த லேஸுக்கு ஊசி கிடையாது. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள்.

திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை சட்டப்படியே இருந்தது. 1855 வரை இருந்தது. நாகர்கோவிலில் லேஸ் பின்னிய பெண்களில் அடிமைகளும் உண்டு. பின்னிச் சம்பாதித்த காசைச் சேர்த்துவைத்து, ஆண்டானிடம் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். சட்டம் வருவதற்கு முன்னாலேயே. இதை என்னிடம் சொன்னபோது அந்த மூத்தவர் குரல் கொஞ்சம் இறங்கியது. தீப்பெட்டி ஆபீஸில் முன்பணம் வாங்கிவிட்டு அதைக் கழிக்க உழைத்தவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. அவருக்கு அது பழங்கதையாகப் பட்டிருக்காது.

இப்போது நற்செய்திக்கு வருவோம். இயேசு இருவர் இருவராக அனுப்பிவைத்த திருத்தூதர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாக ஒரே கூட்டம். உண்பதற்குக்கூட அவர்களுக்கு நேரமில்லை என்கிறார் மாற்கு. தனிமையான ஓரிடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கலாம் என்று இயேசு அவர்களை அழைக்கிறார். சீடர்கள் கேட்டு வாங்கிய விடுப்பு இல்லை இது. அவராகவே பார்த்துச் சொல்கிறார்.

உண்பதற்கு நேரமில்லாதவர்கள் நம் ஊரில் யார்? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ ஓடி, ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர்கள் யார்? வேப்பமரத்தடியில் நின்றவர்களில் அப்படி ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

ஓய்வு என்றால் என்னவென்று உங்கள் நிலத்துக்குத் தெரியும். சித்திரையில் பருத்திமாரைப் பிடுங்கிய பிறகு புரட்டாசி வரைக்கும் அதை என்ன செய்கிறீர்கள்? கோடை உழவு ஓட்டிவிட்டுச் சும்மா போடுகிறீர்கள். காய்ந்து கால் நுழைகிற அளவுக்குக் கரிசல் வெடிக்கிறது. மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது, மழை வந்ததும் மூடிக்கொள்கிறது. தன்னைத்தானே உழுதுகொள்கிற மண் என்று நீங்களே சொல்வீர்கள். மண்ணை இத்தனை மாதம் சும்மா போட்டிருக்கிறானே என்று யாராவது உங்களைத் திட்டியது உண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் நூல் வாங்கிய ரோட்டின் பழைய முழுப்பெயர் வெஸ்ட் கிரேட் காட்டன் ரோடு. நம் சீமைப் பருத்தி துறைமுகத்துக்குப் போன காலத்தைச் சொல்கிற பெயர். அதே தூத்துக்குடியில்தான் 1888இல் கோரல் மில் வந்தது. 1908இல் அந்த மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், கூடவே வார விடுமுறையும் கேட்டார்கள். அவர்களுக்காக முன்னால் நின்றவர் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பக்கத்து ஊர் ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரனார். அந்த விடுமுறையை அவர்கள் வாங்கியும் காட்டினார்கள். அவர் சிலைக்கு மாலை போடுகிற நாம், நூல் நூற்றவர்களுக்குக் கிடைத்த ஓய்வை நூல் பின்னுகிறவர்களுக்குக் கொடுக்க யோசிக்கிறோம்.

இந்த நற்செய்தியை வைத்து நானே முன்பு வேறு மாதிரிப் பேசியிருக்கிறேன். ஓய்வெடுக்கப் போனார்கள், அங்கேயும் கூட்டம் வந்துவிட்டது, ஆகவே ஊழியனுக்கு ஓய்வே கிடையாது என்று. இந்த வாரம் மறுபடி நிதானமாக வாசித்தேன். படகிலிருந்து கரையில் இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்து மனமிரங்கியவர் இயேசு. போதிக்கத் தொடங்கியவரும் அவரே. சீடர்கள் போதித்தார்கள் என்று மாற்கு எழுதவில்லை. நெடுநேரம் ஆன பிறகுதான் அவர்கள் மறுபடி வாய் திறக்கிறார்கள். அதுவரை எங்கே இருந்தார்கள்? படகோரம் உட்கார்ந்து எதையாவது தின்றுகொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓய்வெடுங்கள் என்று சொன்னவர், அவர்கள் சுமையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் கூட்டத்துக்கு அப்பம் பரிமாறுகிற வேலை அவர்களுக்கும் வந்தது. அந்த அப்பங்களின் கதையை அடுத்த ஞாயிறு யோவான் சொல்லக் கேட்போம்.

அந்த இரண்டு நாளும் இந்த ஆறு வீட்டில் யார் சோறாக்கினார்கள் என்று விசாரித்தேன். நாலு வீட்டில் மூத்த மகள். ஒரு வீட்டில் மாமியார். ஒரே ஒரு வீட்டில் மட்டும் கணவர். ரசத்துக்குப் புளி கரைக்க மறந்துவிட்டாராம். அவர் இப்போது கடைசி வரிசையில் தலையைக் குனிந்து சிரிக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்.

வெள்ளை நூல் எதற்கென்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 15, பரலோக மாதா திருநாளுக்கு நம் பீடத்துணிக்குக் கரை பின்னப் போகிறார்கள். நாலு விரல்கடை அகலம், பீடத்தின் மூன்று பக்கமும். ராத்திரியில்தான் பின்ன முடியும் என்கிறார்கள். அதனால் அதுவரைக்கும் சனிக்கிழமை கோயில் கூட்டுகிற முறையை மாற்றியிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை முதலாம் அன்பியக் குழு, ஆண்கள் மட்டும். துடைப்பம் மணிக்கூண்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பீடத்துணியிலிருக்கும் மெழுகை எப்படி எடுப்பது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.