அணையாத் தீயும் அதனைக் காக்கப் பயின்ற கன்னியரும்

அன்னையின் சந்நிதியில் நின்று தொண்டு செய்வது ஒருநாளிற் கைவருவதன்று. பக்தி பிறவியிலேயே வாய்க்கலாம். பணிவிடை பழகித்தான் வரும். பூப்பறிக்கத் தெரிந்தவருக்கெல்லாம் மாலை கட்டத் தெரிந்துவிடுவதில்லை அல்லவா? இவ்வுண்மையை மேற்குத் தேசத்தில் நன்கு உணர்ந்திருந்தவர்கள் பழைய உரோமாபுரி மக்கள். கிறிஸ்தவம் அங்கே அரச சமயமாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்கள் வெஸ்டா என்னும் பெண்தெய்வத்தை வணங்கி வந்தனர். வெஸ்டா அடுப்புத் தீயின் தெய்வம். நகரத்தின் நடுவே இருந்த அவளது வட்டமான கோயில், நகர் முழுவதற்கும் பொதுவான அடுப்பாகக் கருதப்பட்டது. உள்ளே விக்கிரகம் இல்லை. தீயே அவள் திருமேனி. வேத வேள்வியில் கார்ஹபத்தியம் என்னும் இல்லத் தீக்குரிய குண்டமும் வட்டமாகவே அமைவதை அறிந்த அடியார்களுக்கு இது வியப்பாயிராது.

இத்தீயைக் காக்கும் பணி ஆறு கன்னியரிடம் இருந்தது. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட, தாய் தந்தை இருவரும் உயிரோடிருக்கும், அங்கக் குறையற்ற பெண்பிள்ளைகளில் இருந்தே தெரிவு நடக்கும். தலைமைக் குரு பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வார். போரிற் சிறைபிடித்தவரைக் கொண்டுபோவது போல என்று பழைய நூலார் எழுதியுள்ளனர். அந்தக் கணமே அவள் தந்தையின் அதிகாரத்திலிருந்து நீங்கிவிடுவாள். தலைமயிரைக் கத்தரித்து ஒரு பழைய மரத்திலே தொங்கவிடுவர். பாவாடை கட்டி விளையாடும் வயதிற் பெற்ற வீட்டைப் பிரிந்த அப்பிள்ளையின் மனதை எவர் எழுதி வைத்தார்?

அவளுக்குரிய காலம் முப்பது வருடம். முதற் பத்து வருடம் கற்பது. அடுத்த பத்து வருடம் கற்றதைச் செய்வது. கடைசிப் பத்து வருடம் பிறருக்குக் கற்பிப்பது. அரசாங்க உத்தியோகக் கணக்கிற் பார்த்தாலும் இது இளைப்பாறுவதற்குப் போதிய சேவைக்காலம்தான். ஆனால் முதற் பத்து வருடமும் படிப்பிலேயே போகும் உத்தியோகம் எங்கே உண்டு? அதன் பின்னர் அவள் விரும்பினால் விலகி மணம் முடிக்கலாம். மிகச் சிலரே அவ்வாறு செய்தனர். கி.பி. 19 ஆம் ஆண்டில் மறைந்த ஒக்கியா என்பவர் 57 வருடம் அப்பணியில் இருந்தவர்.

பத்து வருடம் எதைக் கற்றார்கள் என்று கேட்கலாம். கேட்டால் எல்லாம் சிறிய வேலைகளே. புனித ஊற்றிலிருந்து நாள்தோறும் தண்ணீர் கொண்டுவந்து கோயிலைத் தெளித்துத் துப்புரவாக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்திய ஒருவகைப் பாத்திரத்துக்கு வாய் அகலம், அடி ஒடுக்கம். கீழே வைத்தாற் சரிந்து ஊற்றுண்டுவிடும். ஆகவே, எடுத்த தண்ணீரை இடையில் இறக்கி வைத்து இளைப்பாற வழியில்லை! உப்பை உரலில் இடித்து, மண்சட்டியில் இட்டு மூடி, சூளையிற் சுட்டு, இறுகிய கட்டியை இரும்பு வாளால் அறுத்து எடுப்பர். மே மாதம் 7 ஆம் நாள் முதல் 14 ஆம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒருநாள் மூத்த கன்னியர் மூவர் ஒருவகைக் கோதுமைக் கதிரை எடுத்து, வறுத்து, குற்றி, அரைத்து மாவாக்குவர். வருடத்தில் மூன்று முறை அம்மாவும் உப்பும் கலக்கப்படும். அக்கலவையின்றி அரச வேள்வி எதுவும் நடைபெறாது. மடப்பள்ளியிற் கைநோக உழைப்பவர்கள் இதனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இரவும் பகலும் தீ அணையாது பார்ப்பதே எல்லாவற்றுக்கும் மேலான பணி. அணைந்தால் பொறுப்பாயிருந்தவளுக்குத் தலைமைக் குருவின் கையாற் கசையடி. பின்னர் நல்ல மரத்தின் கட்டையைக் கடைந்து புதுத் தீ எடுப்பர்.

எமிலியா என்ற மூத்த கன்னியின் கதையை தியோனீசியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். ஒருமுறை அவள் தீயைக் காக்கும் பொறுப்பை அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்த ஒரு சிறுமியிடம் விட்டிருந்தாள். தீ அணைந்துவிட்டது. நகரமே கலங்கியது. கன்னியர் எவரோ நெறி தவறியதால் வந்த வினை என்று குருமார் விசாரணை தொடங்கினர். எமிலியா சிறுமியைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பீடத்தை நோக்கிக் கை நீட்டி, ஏறக்குறைய முப்பது வருடம் தான் தூய்மையாகப் பணி செய்தது உண்மையானால் தேவி துணை நிற்கவேண்டும், தான் பிழை செய்திருந்தால் தண்டனை தனக்கே ஆகட்டும் என்று வேண்டினாள். தன் உடையின் ஓரத்தைக் கிழித்து ஆறிக் குளிர்ந்த சாம்பலின் மேல் இட்டாள். துணியினூடே தீ மூண்டெழுந்தது என்பது ஐதீகம். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனம். மாணவியின் கை தவறியபோது ஆசிரியை முன்வந்து நின்றாளே, அடியார்களே, அதுவன்றோ குருத்துவம்!

இக்கன்னியருக்கு மதிப்பும் இருந்தது. வழியிற் குற்றவாளி எவரேனும் தற்செயலாக எதிர்ப்பட்டால் அவன் மரணதண்டனையிலிருந்து தப்புவான். யூலியஸ் சீசர் தமது மரணசாசனத்தைத் தலைமைக் கன்னியிடமே ஒப்படைத்திருந்தார். ஆனால் கற்பு நெறி தவறினாள் என்று தீர்ப்பானவளை நிலவறையில் ஒரு விளக்கும் சிறிது உணவும் வைத்து உயிரோடு மூடினர். கி.மு. 216 இல் கன்னே என்ற இடத்திற் பெரும் படைத்தோல்வி ஏற்பட்ட ஆண்டில் இருவர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. ஒருத்தி புதைக்கப்பட்டாள், மற்றவள் தன்னுயிரைத் தானே மாய்த்தாள். ஆண்கள் தோற்ற போருக்குப் பெண்கள் பலியான கதை இது. தெய்வத்தின் பெயரால் நடந்தாலும் பாவம் பாவமே.

கி.பி. 382 இல் பேரரசர் கிராசியன் கன்னியருக்கான அரச மானியத்தை நிறுத்தினார். 384 இல் நகர ஆளுநர் சிமாக்கஸ் அதனைத் திருப்பித் தரும்படி எழுதிய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் தீயும் அணைந்தது. கற்பித்தவர் இருந்திருப்பர், கற்க வரும் பிள்ளை இல்லை.

அவர்கள் வாழ்ந்த மனையின் இடிபாடுகளை இன்றும் உரோமில் காணலாம். முற்றத்தில் தலைமைக் கன்னியரின் சிலைகள் நிற்கின்றன. 364 ஆம் ஆண்டுக்குரிய ஒரு பீடத்தில், கற்புக்காகவும் வழிபாட்டு முறைகளில் வியக்கத்தக்க அறிவு உடைமைக்காகவும் ஒருத்தியைப் புகழ்ந்து எழுதியிருக்கிறது. அவளுடைய பெயரைப் பின்னர் யாரோ செதுக்கி அழித்துவிட்டனர். முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது.