திரையின் அளவும் திருப்தியின் அளவும்

வீட்டுக் கூடத்திற்கு எத்தனை அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது என்பது, கடைக்காரரும் குடும்பத் தலைவரும் பத்து நிமிஷத்தில் பேசி முடித்துவிடக்கூடிய லௌகிக விஷயமாகத் தோன்றினாலும், சற்றே நிதானித்து யோசிப்பவருக்கு, திருப்தி என்பது பொருளின் பெருமையைச் சார்ந்ததா, அனுபவிக்கிறவனுடைய தகுதியைச் சார்ந்ததா என்ற மிகப் பழைய தத்துவ விசாரமே அங்கே வேறு வேஷத்தில் வந்து நிற்பது புலப்படும்.

உள்ள பொருளே கண்ணுக்குத் தோன்றாமற் போவதற்கு எட்டுக் காரணங்களை ஈசுவரகிருஷ்ணர் தம் ஸாங்கிய காரிகையில் எண்ணிச் சொல்கிறார்: அதிக தூரம், அதிக சமீபம், இந்திரியத்தின் பழுது, மனம் நிலைகொள்ளாமை, பொருளின் நுண்மை, இடையிலே மறைப்பு, வலியதொன்றால் அமுக்கப்படுதல், ஒத்தவற்றோடு கலந்துபோதல். கண்ணாற் காணாத மூலப்பொருளாகிய பிரகிருதியை இல்லையென்று தள்ளிவிடலாகாது என்பதை நிலைநாட்ட எழுந்த இந்த வரிசையை நம் கூடத்திலே வைத்துப் பார்த்தாலும் அது பொருந்தியே நிற்கிறது. மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டிய திரை, மாலை வெயிலில் தன் ஒளி அமுக்கப்பட்டு, படத்திற்குப் பதிலாக ஜன்னல் கம்பிகளையே காட்டுகிறது. கையிலே செல்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், மனம் நிலைகொள்ளாமையால், எதிரே நடப்பதைப் பார்த்தும் பாராதவனாகிறான். இவற்றுக்கு ஜன்னல் திரைச்சீலையும் மனக்கட்டுப்பாடும் பரிகாரமேயன்றி, அங்குலங்களைக் கூட்டுவது பரிகாரமன்று. திரையின் அளவோடு நேரே சம்பந்தப்பட்டவை தூரம், சமீபம், நுண்மை என்ற மூன்றுதான்.

சாதாரணப் பார்வையுள்ள கண், ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவான இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய மாட்டாது. மூலைக்கு மூலை 55 அங்குலமுள்ள திரையின் அகலம் ஏறக்குறைய 48 அங்குலம். '4கே' என்று விற்கப்படும் பெட்டியில் அந்த அகலத்திற்குள் 3840 புள்ளிகள் அடங்கியிருக்கின்றன. மூன்றரை அடிக்கு அப்பால் போனாலே அப்புள்ளிகள் தனித்தனியாகத் தெரிவதில்லை. 1920 புள்ளிகளே உள்ள 'ஃபுல் ஹெச்டி' பெட்டியானாலும் ஏழடிக்குச் சற்று மேலே அதே நிலைதான். ஆகவே, ஒன்பதடி தள்ளிச் சோபாவில் சாய்ந்திருப்பவருக்கு, புள்ளிக் கணக்கைப் பொறுத்தவரை அவ்விரண்டு பெட்டிகளும் ஒன்றே. மறுபக்கம், திரை பார்வையில் 30 பாகையாவது நிறைய வேண்டும், சினிமாவில் அமிழ்ந்த உணர்ச்சி வேண்டுமானால் 40 பாகை வரை போகலாம் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. அதன்படி 43 அங்குலத்திற்கு நாலேகாலடி முதல் ஆறடி வரையும், 55 அங்குலத்திற்கு ஐந்தரை முதல் ஏழரை அடி வரையும், 65 அங்குலத்திற்கு ஆறரை முதல் ஒன்பதடி வரையும் உட்காரும் தூரம் அமைகிறது.

கடையிலோ இந்தக் கணக்கு மறந்துபோகிறது. உயர்ந்த கூரையின் கீழே, வரிசையாக எரியும் பெரும் பெட்டிகளின் நடுவே, 55 அங்குலம் சிறியதாகத் தெரிகிறது. "பன்னிரண்டு இஞ்ச்தானே சார் கூட" என்று சொல்லி 43-ஐ விட்டு 55-க்கு நம்மை ஏற்றிவிடுகிறவர், நீளமும் உயரமும் சேர்ந்து வளர்வதால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடுவதைச் சொல்வதில்லை.

கண் ஏற்க முடியாததற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவன், அந்த அதிகப்படியை அனுபவிப்பதில்லை. வைத்திருக்க மட்டுமே செய்கிறான். போகத்திற்கும் பரிக்கிரகத்திற்கும் உள்ள பேதம் இதுவே. ஜைன தர்மம் துறவியைப் பரிக்கிரகம் முழுவதையும் விடச் சொல்லி, இல்லறத்தானுக்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் கடைசியாகப் பரிக்கிரக பரிமாணத்தை வைத்தது. அதாவது, இவ்வளவு போதும் என்ற வரம்பைப் பிறர் விதிக்காமல் தானே வகுத்துக்கொண்டு, அதற்குள் மனப்பூர்வமாக வாழச் சொன்னது.

அப்படியானால் மிகச் சிறியதே மிக உத்தமமா என்று கேட்கலாம். அதுவும் தவறே. கண்புரையால் பார்வை மங்கிய பாட்டி, கீழே ஓடும் எழுத்தைப் படிக்க முடியாமல் பேரனைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில், சின்னத் திரையை எளிமை என்று பாராட்டுவது தர்மமாகாது. காண்கிறவரின் நிலைக்கேற்ப அளவு அமைய வேண்டும் என்பதற்குக் கோயிலிலும் உதாரணம் உண்டு. வராகமிகிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில், கோயில் வாயிலின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சமுள்ளதை மூன்றாக்கி, இரண்டு பங்கை விக்கிரகத்திற்கும் ஒரு பங்கைப் பீடத்திற்கும் கொடுக்கிறார். திருப்பணி செய்கிறவன் தனவான் என்பதற்காக மூர்த்தி பெரிதாவதில்லை. தரிசிக்கிறவர் நின்று நோக்கும் வாயிலே அதன் அளவை நிர்ணயிக்கிறது. 1987-இலும் 1988-இலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் இராமாயணத்தை ஒளிபரப்பியபோது, அக்காலத்துச் சிறு பெட்டிகளுக்கே மாலை சூட்டி, ஊதுவத்தி ஏற்றி, ஜனங்கள் கைகூப்பினார்கள். திரை சிறிதென்பதால் அவர்களுடைய பக்தி குறைந்துபோகவில்லை. அந்தப் பக்தி உசிதமா என்பது வேறு விசாரம். உணர்ச்சியின் ஊற்று கண்ணாடியின் பரப்பில் இல்லை என்பதற்கு மட்டும் அது போதிய சாட்சி.

ஆகையால், கடைக்குப் புறப்படுமுன், நாற்காலியிலிருந்து சுவர் வரை எத்தனை அடி என்று நாடாவால் அளந்துகொள்ளுங்கள். நினைத்த அளவில் செய்தித்தாளை ஒட்டிச் சுவரில் மாட்டி, வீட்டிலே மூத்தவரை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்து அபிப்பிராயம் கேளுங்கள். கிடைத்த எண்ணைச் சீட்டிலே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், அந்த எண்ணையே வாங்கி வாருங்கள். தானே வகுத்த வரம்பைக் கடையின் வெளிச்சத்திலும் மீறாமல் திரும்புகிறவன், சிறிய விஷயத்திலேயே ஆனாலும், ஒரு விரதத்தை நிறைவேற்றியவனாகிறான்.