வாசவியின் சத்தியமும் ஓர் ஊசியும்

குடல்வால் ஆபரேஷன் முடிந்தும் என் தங்கைக்கு மூச்சு திரும்பவில்லை. தசையைத் தளர்த்தப் போடும் சக்சினில்கோலினின் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிட வேண்டும். அதைச் சிதைக்கும் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அவள் ரத்தத்தில் இல்லை. மணிக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தாள். "நீங்கள் ஆரிய வைசியரா?" என்று மயக்க மருத்துவர் கேட்டார். ஆம். எங்களிடையே இக்குறை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாம்.

"பூர்வஜென்ம வினை" என்றார் மாமா. என்னால் ஏற்க முடியவில்லை.

பெனுகொண்டாவில் அரசனை மணக்க மறுத்து வாசவி அம்மன் தீயில் இறங்கினாள். 102 கோத்திரத்தாரும் உடன் இறங்கினார்கள் என்கிறது எங்கள் புராணம். குலத்துக்கு வெளியே மணப்பதில்லை என்ற அந்தச் சத்தியத்தின்படி குலத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்தோம். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக அப்படியே இருந்திருக்கிறோம் என்கிறது டேவிட் ரைக் குழுவின் மரபணு ஆய்வு. யாரோ ஒரு முன்னோரிடம் தற்செயலாக நேர்ந்த பிழை, அந்த வேலிக்குள் பெருகிவிட்டது. தங்கையும் மாமன் மகனைக் கட்டியவள்தான். அம்மனை நான் இன்றும் கும்பிடுகிறேன். அந்தச் சத்தியத்தில் பாவம் இல்லை. ஆனால் அதைச் செய்யாதவள் பலனை அனுபவித்தாளே, அது யாருடைய வினை? செய்தவனுக்கே பலன் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. வினை ஓர் ஆளுடையது மட்டுமல்ல, கூடி வாழ்கிறவர்களுடையதும்கூட என்றே நம்புகிறேன். அப்படியானால் பொறுப்பும் கூட்டாகத்தான்.

தங்கை மகளுக்கும் ரத்தம் பரிசோதித்தோம், அவளுக்கும் அந்த நொதி இல்லை. அவளுடைய பிரசவ ஃபைலின் மேலட்டையில் "சக்சினில்கோலின் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி வாங்கியிருக்கிறேன்.