மட்டாஞ்சேரிக் குறிப்புகள்

தஞ்சைப் பக்கம் பிறந்தவனுக்குக் கோயிலின் வயதைக் கல்லில் தேடும் பழக்கம் போவதில்லை. அதிட்டானத்தில் கல்வெட்டு இருந்தால்தான் மனசு ‘பழசு’ என்று ஒத்துக்கொள்ளும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அந்தக் கணக்கு உதவவில்லை. இங்கே மரமும் ஓடும்தான். தெய்வங்களும் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வந்தவை.

*

டச்சு அரண்மனை என்று ஊர் சொல்லும் கட்டடத்தைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். பக்கத்துக் கோயில் ஒன்றைக் கொள்ளையடித்த பிறகு, கொச்சி அரசரைச் சமாதானப்படுத்த 1555 வாக்கில் கட்டிக்கொடுத்தார்கள் என்பது வரலாறு. டச்சுக்காரர்கள் பின்னால் வந்து பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது.

நாலுகெட்டாக அமைந்த அந்த அரண்மனையின் நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி இருக்கிறாள். கொச்சி அரச குடும்பத்தின் பரதேவதை, அதாவது குலதெய்வம். பழையன்னூர் இப்போதைய திருச்சூர் மாவட்டத்தில் உள்ள ஊர். குடும்பம் எங்கே தங்கியதோ அங்கே அவளும் வந்திருக்கிறாள், ஊர்ப் பெயரைக் கூடவே வைத்துக்கொண்டு.

சுற்றுலா வருகிறவர்கள் மாடியில் பல்லக்கையும் அரசர்களின் படங்களையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். முற்றத்தை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. எனக்கு அது வருத்தம். அரண்மனை அருங்காட்சியகமாகிவிட்டது, அவளுக்கோ இன்றும் விளக்கு வைத்து நைவேத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது.

*

அரண்மனைப் பள்ளியறைச் சுவரில் ராமாயணம். புத்திரகாமேஷ்டியில் தொடங்கி ராமன் அயோத்தி திரும்பும் வரை. சிவப்பும் மஞ்சளும் செம்மண் கற்களை அரைத்து எடுத்தவை, பச்சை நீலமரி இலைச் சாறு சேர்ந்தது, கறுப்பு எண்ணெய் விளக்கின் கரி. வெள்ளையை மட்டும் பூசுவதில்லை. சுண்ணாம்புச் சுவரையே அப்படியே விட்டுவிடுவார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ராமனைவிட அவனைச் சுற்றி விடப்பட்ட வெண்மையைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

*

அரண்மனைக் கோயிலை ஒட்டி யூதர்களின் பரதேசி ஜெபாலயம், 1568. நிலம் அரசர் கொடுத்தது. பூஜை மணி கேட்கும் தூரத்தில் இன்னொரு சமயத்தாருக்கு இடம் கொடுத்த அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இதே மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடு இப்போது எருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். மரம் பத்திரமாக இருக்கிறது. அதன் கீழ் உட்கார்ந்து ஜெபித்த தெரு கலைந்துவிட்டது.

*

சற்றுத் தள்ளி கொங்கணிகளின் திருமலை தேவர் கோயில். கோவாவில் போர்ச்சுகீசியர்களின் சமய விசாரணை 1560 இல் தொடங்கியது. அந்த நெருக்கடிகளில் தெற்கே இறங்கிய, கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர்களுக்குக் கொச்சி புகலிடம் தந்தது. கோயில் எழுந்தது 1599 இல் என்பது அவர்கள் மரபு. பெருமாள் நம் வேங்கடவன்தான். கொங்கணி பேசுகிறவர்கள் நடுவே, மலையாள மண்ணில், ‘திருமலை’ என்ற தமிழ்ப் பெயரோடு நிற்கிறார்.

புகலிடமும் நிரந்தரமாக இருக்கவில்லை. 1791 இல் கொச்சி அரசர் சக்தன் தம்புரானுக்கும் கொங்கணி வணிகர்களுக்கும் பகை முற்றி ரத்தம் சிந்தியது. மூர்த்தியை எடுத்துக்கொண்டு திருவிதாங்கூர் எல்லைக்குள் போனார்கள். ஆலப்புழையில் வைத்து வழிபட்டார்கள். மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது 1853 இல்.

அறுபது வருஷத்துக்கு மேல். எடுத்துப் போனவர்களில் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் அநேகமாக இருந்திருக்க மாட்டார்கள். ஆலப்புழையில் பிறந்து, ஆலப்புழையிலேயே அவரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அவர் உள்ளூர்ச் சாமிதானே? மீட்டுக் கொண்டுவந்தவர்களின் மகிழ்ச்சியைப் பற்றி இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். என் நினைப்பு அந்த மற்றவர்களிடமே போகிறது. ஆலப்புழையிலும் கொங்கணிகள் திருமலை தேவருக்குக் கோயில் வைத்து இன்றுவரை வழிபடுகிறார்கள். அங்கேயும் போய்ச் சேவிக்க வேண்டும்.